ராணியின் மரக்காலும் ஒரு குடம் நல்ல தண்ணீரும்

"ஏத்தா, சேதுவோட மச்சினன், சோலைன்னு ஒரு பய உங்க ஆட்டத்துல இருக்கானாமே. எங்கன இருக்கான்?"

கேட்டவர் அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பங்குனி வெயில். கண்ணுக்கு மேலே கையை வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தார். நான் அப்போது பச்சைப் பட்டுச் சேலை கட்டியிருந்தேன். தலையில் ஜிகினாத் தாள் ஒட்டிய கிரீடம், கன்னத்தில் ரோஸ் பவுடர், மூக்கில் புல்லாக்கு. பாதத்துக்குக் கீழே ஒன்றேகால் அடி உயரத்துக்கு மரக்கால்.

"நாந்தேன் மாமா" என்றேன்.

மனிதர் கையை இறக்கினார். என் முகத்தைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், மறுபடியும் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் யாராவது சிரிக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஒருவர் சிரித்திருந்தால்கூட விளையாட்டுக்குச் சொன்னது என்று நினைத்து மனசைத் தேற்றியிருப்பார்.

அவர் பெயர் வில்லாயுதம். தேவிபட்டினத்துக்கு வடக்கே ஓர் உப்பள ஊர்க்காரர், பாத்தி வேலை பார்ப்பவர். அன்றைக்கு அவர் ஊரில்தான் எங்கள் ஆட்டம். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தார். பார்க்க வந்த மாப்பிள்ளை நான்.

நிற்க முடியாத ராணி

பொய்க்கால் குதிரையில் ராஜா ஒருவர், ராணி ஒருவர். ராஜா என் அக்காள் புருஷன் சேது மச்சான். ராணி நான். அந்தக் காலத்தில் முதுகுளத்தூர் பக்கத்து செட்டுகளில் ராணி வேஷத்துக்குப் பெண்கள் வருவதில்லை. இருப்பவர்களில் யார் குட்டையோ அவன் தலையில் கிரீடத்தை வைத்துவிடுவார்கள். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ராஜாக்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்ட தேசத்தில் நான் மட்டும் ராணியாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன்.

எனக்குப் பெண் பார்த்த புண்ணியவான் சேது மச்சான்தான். வில்லாயுதத்திடம் போய், "பையன் குதிரை மேல வருவான், நல்லாப் பாத்துக்கிருங்க" என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறார். எந்தக் குதிரை என்று சொல்லவில்லை. வந்தவர் பாவம், காலையிலிருந்து ராஜாவைப் பார்த்து மனசுக்குள் திருப்திப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். ராஜாவுக்குத்தான் ஏற்கெனவே என் அக்காளைக் கொடுத்தாயிற்றே.

அவர் வந்தபோது நான் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தேன். பெண் கொடுக்கப் போகிறவர் வந்து நிற்கையில் உட்கார்ந்திருந்தால் மரியாதையா? எழுந்துவிட்டேன். மரக்காலில் எழுந்துவிடலாம், சும்மா நிற்க முடியாது. அடியில் உள்ளங்கை அகலம்தான் கட்டை. நின்றால் சாய்த்துவிடும். வலது, இடது, வலது, இடது என்று மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மிதித்தால் காலில் உள்ள சலங்கை பேசும். சலங்கை பேசினால் எங்கள் பம்பைக்காரர் இருளப்பண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. வாயில் வெற்றிலையோடு தள்ளி உட்கார்ந்திருந்தவர், என்ன நடக்கிறது என்றே பார்க்காமல் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார்.

"தம்பி, செத்த ஆடாம நில்லுங்க" என்றார் வில்லாயுதம்.

"நின்னா விழுந்துருவேன் மாமா."

"அப்ப உக்காருங்க."

"நீங்க நிக்கையில நான் எப்படி மாமா உக்கார?"

"அப்ப நானும் உக்காருறேன்" என்று அவர் வரப்பில் உட்கார்ந்தார். நான் வண்டியில் உட்கார்ந்தேன். பம்பை நின்றது. அப்படித்தான் எங்கள் சம்பந்தப் பேச்சு தொடங்கியது.

வலித்ததா என்று கேட்டவருக்கு

போன வாரம் மூங்கிலும் சணலும் காகிதமும் வைத்துக் குதிரை செய்கிற கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஓர் அம்மா கடிதம் போட்டிருக்கிறார். "குதிரையை அத்தனை அக்கறையாக எழுதினீர்கள். உங்கள் கால் என்ன பாடுபட்டது என்று ஒரு வரிகூட இல்லையே?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இந்த வாரம் முழுக்க அவருக்குத்தான்.

வலிக்காமல் என்ன அம்மா. மரக்காலின் மேலே ஒரு சின்னப் பலகை இருக்கும். அதில் பாதத்தை வைத்து, பழைய வேட்டியைக் கிழித்து முறுக்கிய துணியால், கணுக்காலில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே வரை இறுக்கிக் கட்ட வேண்டும். காலுக்கு ஏழு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் கெண்டைக்காலுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. தளர்ந்தால் கால் பிசகிவிடும். இறுக்கினால் ரத்தம் ஓடாது. முதல் கால் மணி நேரம் உயிர் போகும். அதற்குப் பிறகு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது, யாரிடமோ இரவல் வாங்கிய காலில் ஆடுகிற மாதிரி இருக்கும். தோளில் குதிரையின் கயிறு அறுக்கும். பெருவிரல் நகம் வருஷத்துக்கு ஒரு முறை கழன்று விழும். நான் விழுந்த நகங்களை ஒரு தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். எதற்கு என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

இதெல்லாம்கூட ஒன்றுமில்லை. பெரிய வலி ஆடும்போது வராது, அவிழ்க்கும்போதுதான் வரும். கட்டு தளர்ந்து, அடைபட்டுக் கிடந்த ரத்தம் பாதத்துக்குத் திரும்பி ஓடுகிற அந்த ஐந்து நிமிஷம் இருக்கிறதே, அப்போது வாயில் துண்டைக் கவ்விக்கொள்வோம். சேது மச்சான் துண்டைக் கவ்விக்கொண்டே சிரிப்பார். அழுவதற்குப் பதில் சிரித்துப் பழகிவிட்டார். பார்ப்பவர்கள் எங்களுக்கு ஏதோ கூச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அதனால் செட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தோம். கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும். எந்தச் சுற்றை எவ்வளவு இறுக்கினோம் என்பது கட்டின கைக்குத்தான் தெரியும். அவர் மேலேயிருந்து ஒவ்வொரு முடிச்சாக, நடுவில் மூச்சு வாங்க விட்டுத் தளர்த்துவார். எனக்கு முன்னால் ராணியாக ஆடியவர், அவசரத்தில் தானே அவிழ்த்துக்கொண்டு, உணர்வில்லாத காலில் எழுந்து, விழுந்து கையை முறித்துக்கொண்டார். அப்புறம் அவர் நாட்டுக்கோழி வளர்க்கப் போய்விட்டார். அன்றிலிருந்து சட்டம் சட்டம்தான். அவிழ்த்தவர்தான் அடுத்த ஆட்டத்துக்கும் கட்ட வேண்டும், ஆள் மாறக் கூடாது. மச்சானுக்கு நான், எனக்கு மச்சான்.

இன்னொன்றும் உண்டு. கட்டுத்துணியைக் கத்தியால் அறுக்கக் கூடாது. ஆடுகிறவன் செத்துப்போனால் அறுப்பார்கள். இல்லாவிட்டால், இனிமேல் காலில் மரம் கட்ட மாட்டேன் என்று அவன் வாயாலேயே சொன்னால் அறுப்பார்கள்.

"நோகுதா" என்று மட்டும் எங்களுக்குள் யாரும் யாரையும் கேட்டதில்லை. தெரிந்த பதிலுக்கு எதற்குக் கேள்வி?

சுறா எண்ணெயும் காலிப் பெட்டியும்

வலிக்கு வைத்தியம் ஊருக்கு ஊர் கிடைக்கும். புளிய இலையை வேகவைத்து ஒத்தடம் கொடுப்பார்கள். புன்னை எண்ணெய் தடவுவார்கள். ஒரு தடவை ராமேஸ்வரம் தீவில் ஒரு மாதாகோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். ஆடி முடித்து மணலில் காலை நீட்டிக் கிடந்தபோது, வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மீனவர் எங்கள் கெண்டைக்காலைப் பார்த்து இரக்கப்பட்டு, வீட்டிலிருந்து ஒரு போத்தல் கொண்டுவந்து கொடுத்தார். சுறா மீன் ஈரல் எண்ணெய். "தேச்சுக்கிருங்க, காலையில ஓடுவீக" என்றார்.

தேய்த்தோம். கை கழுவக் கழுவ நாற்றம் போகவில்லை. மறுநாள் பாம்பனில் ரயில் ஏறினோம். உட்கார இடமில்லாத கூட்டம். பாலம் தாண்டுவதற்குள் எங்கள் பக்கத்துப் பலகை காலி. மண்டபம் வருவதற்குள் எதிர்ப் பலகையும் காலி. அப்புறம் நானும் மச்சானும் ஆளுக்கொரு பலகையில் காலை நீட்டி ராமநாதபுரம் வரை ஜமீன்தார் மாதிரி படுத்துக்கொண்டே வந்தோம். வலி நன்றாகவே குறைந்தது. எண்ணெயால் குறைந்ததா, படுத்ததால் குறைந்ததா என்று மச்சானுக்கும் எனக்கும் வெகுநாள் வரை வழக்கு.

சரி, உப்பளத்துக்கு வருகிறேன். ராணி வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள்.

பாத்தியில் இறங்கிய கால்

அந்த ஊரில் வருஷத்தின் முதல் உப்பை அம்மன் முன்னால்தான் வாருவார்கள். காலையில் அம்மனைக் கோயிலிலிருந்து பாத்திக்கு அழைத்துவந்து, ஒரு நாள் கொட்டகையில் வைத்திருந்து, மறுநாள் திரும்ப அழைத்துப்போவார்கள். இரண்டு நாளும் ஊர்வலத்துக்கு முன்னால் எங்கள் ஆட்டம்.

தெருவில் ஆடி, தார் ரோட்டில் ஆடி, கோயில் பிராகாரக் கல்லில் ஆடியிருக்கிறோம். உப்புப் பாத்தி வரப்பில் ஆடியதில்லை. வரப்பு வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தது. உள்ளே களி. நான் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும்போது இடது மரக்கால் பொதுக்கென்று உள்ளே போனது. அதை இழுக்கப்போய் வலதும் போனது. ராணி குதிரையோடு பாத்திக்குள் நின்றாள், முழங்கால் வரை உப்புத் தண்ணீர்.

மச்சான் பெரிய மனுஷன். ஒரு நொடி பார்த்தார். அப்படியே தானும் குதிரையோடு பாத்திக்குள் குதித்துவிட்டார். இருவரும் தண்ணீரை எத்தி எத்தி ஆடினோம். ராஜாவும் ராணியும் ஜலக்கிரீடை செய்கிறார்கள் என்று நினைத்து ஊரே குலவை போட்டது. கரைக்கு எங்களைத் தூக்கிவிட நாலு பேர் வேண்டியிருந்தது. அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஆட்டம் முடிந்து வண்டிக்கு வந்தோம். குதிரைகளைக் கழற்றினோம். முதலில் நான் மச்சானுக்கு அவிழ்த்தேன். துணி ஈரமாக இருந்ததால் சுலபமாக வந்தது. அவர் துண்டைக் கவ்விச் சிரித்து முடித்து, என் காலில் கை வைக்கப்போகும் நேரத்தில் ஒரு சைக்கிள் வந்தது. ராமநாதபுரத்தில் அக்காவுக்கு வலி கண்டுவிட்டதாம்.

மச்சான் ராஜா வேஷத்தோடு, மீசையில் மையோடு, செருப்பில்லாமல் அந்த சைக்கிளின் பின்னால் ஏறிப் போய்விட்டார். "ஏலே சோலை, இந்தா வந்துர்றேன்" என்று தூரத்திலிருந்து கத்தினார். பஸ் பிடித்துப் போய்த் திரும்ப வேண்டுமே! நானும் அதை யோசிக்கவில்லை. தாய்மாமன் ஆகப்போகிற சந்தோஷத்தில், "போங்க போங்க" என்று கிரீடத்தைக் கழற்றி ஆட்டி, திரும்ப மாட்டிக்கொண்டேன். சைக்கிள் மறைந்த பிறகுதான் காலைக் குனிந்து பார்த்தேன்.

துணியா, காலா?

வெயில் ஏறியது. உப்புத் தண்ணீரில் ஊறிய துணி காய ஆரம்பித்தது. சும்மாத் தண்ணீர் என்றால் ஆவியாகப் போய்விடும். பாத்தித் தண்ணீர் போகும்போது உப்பை வைத்துவிட்டுப் போகும். முடிச்சுகளில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, துணி கருவாடு மாதிரி விறைத்தது. இறுக்கம் கூடிக்கொண்டே போனது.

இருளப்பண்ணனைக் கூப்பிட்டேன்.

"கட்டுனது சேது. நான் எப்படித் தொடுறது? குத்தமாப் போயிரும்" என்றார். மனசு கேட்காமல் துண்டைப் பாத்தித் தண்ணீரில் நனைத்து வந்து, குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று என் காலில் சுற்றினார். ஏற்கெனவே இருந்த உப்பு போதாதென்று இன்னும் கொஞ்சம் சேர்ந்தது.

அந்த நிலைமையில்தான் வில்லாயுதம் வந்தார். வரப்பில் உட்கார்ந்து கேள்வி கேட்கத் தொடங்கினார். எத்தனை வருஷமாக ஆடுகிறாய், குடிப்பழக்கம் உண்டா, நிலம் கிடக்கா. நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். முழங்காலுக்குக் கீழே போன உணர்வு, இப்போது நெருப்பு மாதிரித் திரும்பி வந்து தொடைக்கு ஏறியது. பவுடர் வேர்வையில் கரைந்து கழுத்தில் ஓடியது.

அவருக்கு அது தெரிந்துவிட்டது. பேச்சை நிறுத்திவிட்டு என் கால்விரல்களைப் பார்த்தார். நாவல்பழ நிறத்தில் இருந்தன.

மடியிலிருந்து மூட்டை அறுக்கிற சூரிக்கத்தியை எடுத்தார்.

"அறுத்துருவோம்."

"வேணாம் மாமா!" நான் காலை வண்டிக்குள் இழுத்துக்கொண்டேன். துணியை அறுத்தால் என்ன அர்த்தம் என்று இருளப்பண்ணன் அவருக்குச் சொன்னார்.

"துணி பெருசா, காலு பெருசா?" என்றார் வில்லாயுதம்.

"துணிதான் மாமா என் காலு" என்றேன். இன்றைக்கு நினைத்தால் நாடக வசனம் மாதிரி இருக்கிறது. அன்றைக்கு மனசிலிருந்துதான் வந்தது. எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது. செய்ய ஆசையும் கிடையாது.

 அவர் கத்தியை என் பக்கத்தில் பலகை மேல் வைத்தார்.

"தம்பி, நான் மறைச்சுப் பேசுறவன் இல்ல. பையன் குணமாத் தெரியுது. ஆனா சேல கட்டி ஆடுறவனுக்கு, நாப்பது வயசுல காலு போறவனுக்கு எம் மகளக் குடுக்க மாட்டேன். இந்தா கத்தி. நீங்களே அறுத்துப்புட்டு, ஆட்டம் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இந்த உப்பளத்துலயே வேல இருக்கு. வைகாசில கல்யாணத்த வச்சுக்கிருவோம்."

கத்தி வெயிலில் மின்னியது. மகளை நான் பார்த்ததுகூட இல்லை. கால் இரண்டும் கதறிக்கொண்டிருந்தன. உண்மையைச் சொல்கிறேன், கை கத்திப் பக்கம் போகத்தான் செய்தது.

அப்போது வரப்பில் ஒரு பெண் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

"நோகுதா?"

அந்த ஊரில் எந்தக் கிணற்றிலும் வாயில் வைக்கிற தண்ணீர் கிடையாது. ஒன்றரை மைல் தள்ளி மணலில் ஓர் ஊற்று. விடியுமுன் போய் வரிசையில் உட்கார்ந்து, சிரட்டையால் ஊற ஊறத் தண்ணீரை மொண்டு ஒரு குடம் நிரப்ப வெயில் ஏறிவிடும். அந்த ஒரு குடம்தான் ஒரு வீட்டுக்கு, ஒரு நாளைக்கு.

ராக்கு. வில்லாயுதத்தின் மகள். மாப்பிள்ளையைப் பார்க்க ஆசைப்பட்டு, வீட்டுக்குப் போகிற வழியை விட்டு இந்த வழியாக வந்திருக்கிறாள். இதைப் பிற்பாடு அவளே ஒப்புக்கொண்டாள். வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கிரீடத்தைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்தாள். பிறகு முடிச்சுகளில் பூத்திருந்த உப்பைப் பார்த்தாள்.

"உப்பு பூட்டிக்கிச்சு" என்றாள்.

யாரும் எதுவும் சொல்வதற்குள் இடுப்பிலிருந்து குடத்தை இறக்கி, சாய்த்து, என் கெண்டைக்காலில் ஊற்றினாள்.

"ஏ ராக்கு! குடிக்கிற தண்ணியடி!" என்று வில்லாயுதம் எழுந்துவிட்டார்.

"உப்புக்கு உப்புத் தண்ணி ஊத்துனா எளகுமா அய்யா? நல்ல தண்ணிக்குத்தான் கரையும். ஒங்களுக்குத் தெரியாததா?"

அவருக்குத் தெரியாததா! முப்பது வருஷமாக உப்பு விளைவிக்கிறவர். மகள் ஒரு சேலை கட்டிய மாப்பிள்ளையின் காலில் வீட்டுத் தண்ணீரை ஊற்றுவதைப் பார்த்ததில் எல்லாம் மறந்துபோயிருந்தார்.

அவள் கொஞ்சம் ஊற்றுவாள், நிறுத்துவாள், முடிச்சை விரலால் அமுக்கிப் பார்ப்பாள், மறுபடி ஊற்றுவாள். வெள்ளை கரைந்து வழிந்தது. இருளப்பண்ணன் மட்டும், "தொடாதத்தா, கட்டுனவந்தான் அவுக்கணும்" என்றார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேல் முடிச்சு இளகியது. அவிழ்த்தாள். மூச்சு வாங்கும் நேரம் பொறுத்தாள். இரண்டாவதை அவிழ்த்தாள். அந்த முறையை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. என் கால் துடிப்பது நிற்கும்வரை பொறுத்து, நின்றதும் அடுத்த முடிச்சுக்குப் போனாள், அவ்வளவுதான். பதினாலு முடிச்சு. குடம் காலி.

மரக்கால் கழன்றது. ரத்தம் திரும்பியது.

அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வலியை நான் பார்த்ததில்லை. துண்டைத் தேடினேன், அது மச்சான் தோளோடு போய்விட்டது. சேலை முந்தானையைக் கவ்விக்கொண்டேன்.

"நோகுதா?" என்றாள்.

யாரும் கேட்காத கேள்வி. ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தால், "ஆமா, ரொம்ப நோகுது" என்று வந்துவிட்டது. அதோடு அழுகையும் வந்துவிட்டது. கண்மை, ரோஸ் பவுடர் எல்லாம் வழிய, பெண் கொடுக்க வந்தவர் முன்னால், புல்லாக்கு ஆட ஆட ஓவென்று அழுதேன். எத்தனை வருஷத்து வலியோ! அழ அழ எனக்கு ஒரே சந்தோஷமாக இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வில்லாயுதத்துக்குத் தாங்கவில்லை. "கால் நோவுக்கு அழுகுற ஆம்பளய இப்பத்தான் பாக்கேன். முப்பது வருசமாப் பாத்தியில நிக்கேன், பாதம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. என்னைக்காச்சும் நோகுதுன்னு சொல்லியிருக்கேனா?"

"சொல்லியிருந்தா ஆத்தா ஒத்தடம் குடுத்திருப்பாகல்ல?" என்றாள் ராக்கு, என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே. "நீங்க சொல்லவும் மாட்டீக, கேக்க விடவும் மாட்டீக. இவுக சொல்றாக."

அவர் தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து மடியில் சொருகிக்கொண்டு, சரி என்றும் சொல்லாமல், முடியாது என்றும் சொல்லாமல் வரப்பில் நடந்து போய்விட்டார். காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு ராக்குவும் பின்னாலேயே போனாள்.

மறுநாள் காலை

முதல் பஸ்ஸில் மச்சான் வந்து இறங்கினார். பெண் குழந்தை. இரண்டு கை நிறையக் கருப்பட்டி மிட்டாய். என் வாயில் ஒன்றைத் திணித்துவிட்டு, "உக்காருலே, கட்டுவோம்" என்று துணியை எடுத்தார்.

"சேது, துணியக் கீழ வையி" என்றார் இருளப்பண்ணன். "அவுத்தது நீ இல்ல. அவுத்த கைதான் கட்டணும்."

மச்சான் கதையை முழுக்கக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் மீசை மேலேறியது. "அப்ப கூப்பிடுங்கய்யா அந்தக் கைய!" என்று கொட்டகைக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

எனக்கு உயிரே இல்லை. அவள் வராவிட்டால் ஆட்டம் இல்லை. வந்தால், அவள் அய்யாவின் பேச்சை மீறி வருகிறாள் என்று அர்த்தம். அம்மனுக்கு மாலை சாத்திக்கொண்டிருந்தார்கள். நான் மச்சானுக்குக் கட்டி முடித்தேன். என் மரக்கால்கள் இரண்டும் வண்டியில் சாத்தியபடியே இருந்தன.

ராக்கு வந்தாள். கூட்டத்துக்கு நடுவே நேராக வந்தாள். வெடித்த குதிகாலோடு தரையில் குந்தி உட்கார்ந்து, என் பாதத்தை எடுத்துப் பலகையில் வைத்தாள். உப்பு மூட்டை கட்டிப் பழகிய கை, முதல் சுற்றையே உயிர் போக இறுக்கியது.

"நோகுதா?"

"ஆமா."

ஒரு நூல் தளர்த்தினாள். "இப்ப?"

"இப்பவும் நோகுது. ஆனா ஆடலாம்."

தலையாட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனாள். எங்கள் இருவருக்கும் நடந்த கல்யாணப் பேச்சு அவ்வளவுதான். பதினாலாவது முடிச்சைப் போட்டுவிட்டு அவள் நிமிர்ந்தபோது, கூட்டம் விலகி வழிவிடுவது தெரிந்தது. அவள் முகம் வெளுத்தது. என் முகம் பவுடருக்குள் என்ன ஆனதோ தெரியாது.

வில்லாயுதம் வந்துகொண்டிருந்தார். தோளில் ஒரு குடம். அந்த ஊரில் ஆம்பிளை குடம் தூக்கி யாரும் பார்த்ததில்லை. வேட்டியெல்லாம் நனைந்து, முழங்கால் வரை மணல் ஒட்டியிருந்தது. ஒன்றரை மைல் போய், பெண்களோடு வரிசையில் உட்கார்ந்து, சிரட்டையால் மொண்டு வந்திருக்கிறார்.

நான் எழுந்து நின்றேன். வலது, இடது என்று மிதித்தேன். அவர் அண்ணாந்து என்னைப் பார்க்கவில்லை. குடத்தைத் தளும்பாமல் வண்டி நிழலில் இறக்கி வைத்து, துண்டால் குடத்து வாயை மூடினார்.

"சாயங்காலம் அவுக்கணும்ல" என்றார் மகளிடம்.